வயிற்று நோய்க்கு இனமா காரணம்?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் வாசகம்)

 

சம்பளம், போனஸ், வீடு, தண்ணீர் என்று பேசுவதற்கே நேரம் போதாத கூட்டத்தில், வயிற்று நோயைப் பற்றி ஒரு சொற்பொழிவு எதற்கு என்று உங்களில் சிலர் எண்ணலாம். நியாயமான எண்ணந்தான். ஆனால் இந்த ஒரு சாண் வயிற்றுக்காகத்தானே விடியுமுன் எழுந்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குகிறோம்! அந்த வயிற்றுக்கே நோய் வந்தால், பெற்ற சம்பள உயர்வும் மருந்துக் கடைக்கே போய்ச் சேருகிறது. ஆகவே இதுவும் சங்கத்தின் வேலைதான்.

இன்னொரு காரணமும் உண்டு. “தமிழனுக்கு வயிற்று நோய் பிறவியிலேயே வருவது, மிளகாயும் புளியும் தின்கிற சாதி, அது அவன் இரத்தத்திலேயே ஊறியது” என்று சொல்லும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. வெளியார் சொல்வது ஒரு புறம் இருக்கட்டும். நம்மவர்களே அதைச் சொல்லிச் சொல்லி நம்பிவிட்டார்கள். இரத்தத்தில் ஊறிய நோய் என்று நம்புகிறவன் டாக்டரிடம் போகமாட்டான். தண்ணீர்க் குழாய்க்காகப் போராடவும் மாட்டான். விதியோடு யார் போராடுவது? இந்த நம்பிக்கை உண்மையா, பொய்யா என்று ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லை விளக்கிவிடுகிறோம். வாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு வயிற்றைப் பார்க்கும் பரிசோதனையை ‘ஸ்கோப்’ என்று சொல்கிறோம். அப்படிப் பார்த்துவிட்டு, “வயிற்றில் பாலிப் இருக்கிறது” என்று டாக்டர் சொன்னால், கேட்டவருக்குக் கை கால் நடுங்கிவிடுகிறது. பாலிப் என்றால் புற்றுநோய் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. தோலில் மரு முளைப்பது போல, இரைப்பையின் உட்சவ்விலோ, அதை அடுத்த சிறுகுடலின் மேற்பகுதியிலோ முளைக்கும் சிறு சதை வளர்ச்சிதான் பாலிப். பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது, வலியும் இராது. வேறு காரணத்துக்காக ஸ்கோப் பார்க்கும்போது தற்செயலாகக் கண்ணில் படும்.

வயிற்றுப் பாலிப்பில் முக்கியமாக மூன்று வகை உண்டு. முதல் வகை, இரைப்பையின் மேற்பகுதியில் உள்ள சுரப்பிகளிலிருந்து முளைப்பது. இது புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. இரண்டாம் வகை, நெடுநாள் புண்பட்டு வீங்கிய சவ்வு, ஆறும்போது அளவு மீறி வளர்வதால் உண்டாவது. மூன்றாம் வகை அடினோமா என்பது. இது அரிது, ஆனால் புற்றுநோயாக மாறக்கூடியது, கண்டவுடன் எடுத்துவிடவேண்டியது.

இரண்டாம் வகையை உங்களுக்கு விளக்க நாங்கள் அதிகம் பாடுபடத் தேவையில்லை. பால் மரத்தைப் பாருங்கள். கத்தி பட்டையோடு நிற்காமல் ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால் காயம் விழுகிறது. அந்தக் காயம் ஆறும்போது புதுப்பட்டை வழுவழுப்பாக வளர்வதில்லை. முண்டும் முடிச்சுமாக எழும்பி நிற்கிறது. மறுமுறை அந்த இடத்தில் கத்தி ஓடாது. முண்டு விழுந்த மரத்தைப் பார்த்து, “இந்த மரத்தின் சாதியே இப்படி” என்று நீங்கள் சொல்வீர்களா? “யாரோ காயம் போட்டிருக்கிறான்” என்றுதானே சொல்வீர்கள்! வயிற்றுக்கும் அதே நியாயந்தான். முண்டு இருந்தால், காயம் போட்டது யார் என்று கேட்கவேண்டும்.

காயம் போடுகிறவன் பெரும்பாலும் ஒரு கிருமி. ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ என்பது அதன் பெயர். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து டாக்டர்களான ராபின் வாரன், பேரி மார்ஷல் ஆகிய இருவரும் 1982-ஆம் ஆண்டில் அதை வளர்த்துக் காட்டினார்கள். புளிப்பான அமிலம் சுரக்கும் வயிற்றில் கிருமி உயிர்வாழாது என்று அதுவரை உலகம் நம்பியிருந்தது. வயிற்றுப் புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணம் என்று புத்தகங்கள் சொல்லின. அதை மறுப்பதற்காக மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமிகளைத் தாமே குடித்து, வயிற்று அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கிடையில் 1994-ஆம் ஆண்டிலேயே, உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதற்பட்டியலில் சேர்த்துவிட்டது.

கிருமிக்கும் பாலிப்புக்கும் உள்ள உறவை ஜப்பானிய டாக்டர்கள் 1998-இல் சோதித்துக் காட்டினார்கள். கிருமியும், இரண்டாம் வகைப் பாலிப்பும் உள்ளவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் கிருமிக்கு மருந்து கொடுத்தார்கள். கிருமி ஒழிந்த 15 பேரில் 12 பேருக்குப் பாலிப் தானாகவே மறைந்துவிட்டது. மருந்து பெறாத பிரிவில் ஒருவருக்கும் மறையவில்லை. காயம் போடுவதை நிறுத்தினால் முண்டும் போய்விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி இன வேற்றுமைக்கு வருவோம். வேற்றுமை உண்டா? உண்டு. மறைக்கவேண்டியதில்லை. 2009-இல் அமெரிக்காவில் 1,20,000-க்கும் அதிகமானவர்களின் பரிசோதனை முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். நூற்றுக்கு ஆறு பேரிடம் பாலிப் இருந்தது. அந்தப் பாலிப்புகளில் நூற்றுக்கு 77 முதல் வகை. 17 இரண்டாம் வகை. அடினோமா ஒன்றுக்கும் குறைவு. ஆனால் கிருமி மிகுதியாக உள்ள நாடுகளில் இரண்டாம் வகையின் பங்கு பெரியதாக இருக்கிறது. அமெரிக்காவில் முதல் வகை மிகுந்திருப்பதற்குக் காரணம், அங்கே கிருமி குறைந்துவிட்டது. ஒமெப்ரசோல் போன்ற அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்குவோர் பெருகிவிட்டார்கள். அந்த மாத்திரையை நெடுங்காலம் உண்பவர்களிடம் முதல் வகை அதிகம் முளைக்கிறது. ஆகவே எந்த வயிற்றில் எந்த முண்டு முளைக்கும் என்பதைத் தோலின் நிறத்தைக் காட்டிலும், அந்த வயிற்றில் குடியிருக்கும் கிருமியும் அதற்குள் போகும் மாத்திரையுமே பெரிதும் முடிவு செய்கின்றன.

நம் மலேசியாவில் கணக்கு எப்படி? மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர்கள் உட்படப் பலர் 1990-களிலிருந்து இந்தக் கிருமியை மூன்று இனத்தாரிடமும் தேடிப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகளில் இந்தியரில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் கிருமி இருந்தது. சீனரில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டு, கால் பங்கு முதல் பாதிக்கு மேல் வரை இருந்தது. மலாய்க்காரரிடம் பத்தில் ஒருவர் முதல் மூவர் வரைதான். கிளந்தானில் 1994-இல் வெளியான ஆய்வில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. உலகத்திலேயே இவ்வளவு குறைவாகக் கிருமி காணப்பட்ட இடங்கள் மிகச் சில.

“பார்த்தீர்களா! இனந்தானே காரணம்?” என்று சிலர் துள்ளி எழலாம். பொறுங்கள். மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம்.

முதல் கேள்வி: மிளகாயா காரணம்? மலாய்க்காரரின் சாப்பாட்டில் சம்பல் இல்லாத நாள் உண்டா? காரத்தில் அவர்கள் நமக்குச் சளைத்தவர்களா? காரமே வயிற்றைப் புண்ணாக்குகிறது என்றால், கிளந்தான் மக்களின் வயிறு முதலில் புண்ணாகியிருக்கவேண்டும். ஆகவே மிளகாயை விட்டுவிடலாம். புண்பட்ட வயிற்றுக்கு அது எரிச்சல் தரும். ஆனால் புண்ணை உண்டாக்கியது அதுவல்ல.

இரண்டாம் கேள்வி: இரத்தமா காரணம்? 1885 முதல் ஜப்பானியத் தொழிலாளர்கள் ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போனார்கள். நம் முன்னோர்களைப் போலவே ஒப்பந்தத்தில் போனவர்கள். ஜப்பானில் வயிற்றுப் புற்றுநோய் மிகுதி. போனவர்களும் அதைச் சுமந்தே போனார்கள். ஆனால் ஹவாயில் பிறந்து வளர்ந்த அவர்கள் பிள்ளைகளிடம் அந்நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. இரத்தம் அதே இரத்தந்தான். மாறியது பிள்ளைப் பருவமும், வீடும், உணவும்.

மூன்றாம் கேள்வி: அப்படியானால் கிருமி எங்கிருந்து வந்தது? 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், மலேசியாவின் மூன்று இனத்தாரின் வயிற்றிலிருந்தும் எடுத்த கிருமிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இந்தியரின் கிருமி இந்தியாவிலுள்ள கிருமியின் கிளை. சீனரின் கிருமி கிழக்காசியக் கிளை. மலாய்க்காரரிடம் இருந்தவை பெரும்பாலும் இந்தியரின் கிருமியோடு ஒத்திருந்தன. அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்தவை. இதன் பொருள் என்ன? பாட்டனார் கப்பலேறியபோது இந்தக் கிருமியும் அவரோடு கப்பலேறியது. இது பிறவிக் குணம் அல்ல; வீட்டுக்குள் தாயிடமிருந்து பிள்ளைக்கும், பிள்ளையிடமிருந்து பிள்ளைக்கும் வாய்வழியாகவும் அசுத்தமான தண்ணீர் வழியாகவும் கைமாறி வந்த சங்கதி. வேண்டாத சீதனம்!

இந்தக் கிருமி பெரும்பாலும் பிள்ளைப் பருவத்தில்தான் தொற்றுகிறது. தொற்றியது தானாகப் போவதில்லை. மருந்து கொடுக்காவிட்டால் ஆயுள் முழுவதும் தங்கிவிடும். எந்த வீட்டில் எளிதாகத் தொற்றும்? ஓர் அறையில் எட்டுப் பேர் படுக்கும் வீட்டில். நல்ல தண்ணீர் இல்லாத வீட்டில். கக்கூஸ் தொலைவிலோ, கூட்டாகவோ உள்ள வீட்டில். தோழர்களே, இது யாருடைய வீடு என்று நாங்கள் சொல்லவும் வேண்டுமா? பழைய லயத்து வாழ்க்கையை அறிந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கிணற்றுத் தண்ணீரும், ஆற்றுத் தண்ணீரும், வரிசைக்கு ஒரு குழாயுமாக நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். இன்று அந்த லயங்களில் பல இடிக்கப்பட்டுவிட்டன. பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். ஆனால் அந்த லயத்தில் தவழ்ந்த குழந்தைக்கு இன்று அறுபது வயது. அன்று தொற்றிய கிருமி இன்றும் அவர் வயிற்றில் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

நேர்மையாக ஒன்று சொல்லவேண்டும். இரத்தத்துக்குப் பங்கே இல்லை என்று நாங்கள் வாதாடவில்லை. பெருங்குடலில் நூற்றுக்கணக்கான பாலிப்புகள் முளைக்கும் ஒரு பரம்பரை நோய் உண்டு. அந்நோயுள்ளவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுகுடலின் மேற்பகுதியிலும் அடினோமா முளைக்கிறது. ஆனால் அது எல்லா இனத்திலும் உள்ள நோய். அது குடும்பச் சொத்து, இனச் சொத்தல்ல. அத்தகைய குடும்பத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் டாக்டரிடம் அதைச் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளவேண்டும்.

அதே போல, கிருமி நம்மிடம் மிகுதியாக இருந்தும், வயிற்றுப் புற்றுநோய் இந்நாட்டில் சீனரிடமே அதிகம். மலாய்க்காரரிடம் மிகக் குறைவு. சீனரிடமுள்ள கிழக்காசியக் கிளைக் கிருமி கொடுமை மிகுந்தது என்பது அதற்கு ஒரு காரணம். உப்பில் ஊறிய உணவும், புகைப்பழக்கமும் புற்றுநோய்க்குத் துணை செய்கின்றன. ஆகவே சீனத் தோழனைப் பார்த்து நாமும், நம்மைப் பார்த்து மற்றவரும், “உன் இனத்து நோய்” என்று கைநீட்டுவதில் பொருளில்லை. கருவாட்டையும் சுருட்டையும் நம்மவர்களும் விட்டுவைக்கவில்லை! இன்று நம்மோடு நிரையில் நிற்கும் இந்தோனேசியரும், வங்காளதேசத்தாரும், நேப்பாளியரும் தங்கியிருக்கும் கொட்டகைகளைப் பாருங்கள். நேற்று நம்மை நெருக்கி வைத்த வாழ்க்கை இன்று அவர்களை நெருக்கி வைத்திருக்கிறது. அவர்கள் வயிற்றுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறோம்.

இனி நாம் செய்யவேண்டியது என்ன?

முதலாவது, அபாயக் குறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். மலம் தார் போலக் கறுத்துப் போதல், இரத்த வாந்தி, உணவு விழுங்கச் சிரமம், காரணமின்றி உடல் இளைத்தல், இரத்தச் சோகை, ஓயாத வாந்தி. இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதிக்கலாகாது. இரத்த வாந்தியும் கறுத்த மலமும் கண்டால் அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போகவேண்டும். “வாயுதான், ஓமம் தின்றால் சரியாகிவிடும்” என்று நாளைக் கடத்தியதால் கைவிட்டுப் போன உயிர்கள் போதும்.

இரண்டாவது, வயிற்றெரிச்சல் வாரக்கணக்கில் நீடித்தால் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதோடு நிற்காதீர்கள். கிருமி உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனை உண்டு. மலப் பரிசோதனை உண்டு. அபாயக் குறி இருந்தால் ஸ்கோப் தேவைப்படும். அதற்கு அஞ்சவேண்டாம். சில நிமிட வேலை. தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மருந்தோ, தூக்க மருந்தோ கொடுத்துத்தான் செய்கிறார்கள். பாலிப் கண்டால் சிறு துண்டு எடுத்துச் சோதித்து, எந்த வகை என்று சொல்வார்கள். அந்த முடிவைக் கேட்டு வாங்கி, பிறப்புச் சான்றிதழைப் போலப் பத்திரமாக வைத்திருங்கள்.

மூன்றாவது, கிருமி இருந்தால் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு இரண்டு விதக் கிருமிக்கொல்லி மருந்துகளைச் சேர்த்து, வழக்கமாகப் பதினான்கு நாள் கொடுக்கிறார்கள். ஐந்தாம் நாளே எரிச்சல் நின்றுவிட்டது என்று மருந்தை நிறுத்தினால், பிழைத்த கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாகிவிடும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்னதாகவே சொல்லிவிடவேண்டும். அந்த நாட்களில் கள்ளும் சாராயமும் தொடலாகாது. மருந்து முடிந்து ஒரு மாதத்துக்குப் பின் மறுபரிசோதனை செய்து, கிருமி போய்விட்டதா என்று உறுதி செய்துகொள்ளவேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை அதற்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தினால்தான் முடிவு சரியாக வரும்.

நான்காவது, வலிமாத்திரை. முதுகுவலி, மூட்டுவலி என்று தினந்தோறும் கடையில் கிடைக்கும் வலிமாத்திரையையும், பெயர் தெரியாத பொட்டல மருந்தையும் விழுங்குகிறோம். இவையும் வயிற்றில் காயம் போடும் கத்திகள்தான். டாக்டரைக் கேட்காமல் நெடுநாள் உண்ணாதீர்கள்.

“இதற்கெல்லாம் ஒரு நாள் வேலை போய்விடுமே?” என்று கேட்பீர்கள். நாள் போனால் கூலியும் போகும் என்று அஞ்சித்தான் நம்மவர்கள் நோயை ஒளிக்கிறார்கள். சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, டாக்டர் சான்றிதழ் இருந்தால், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டில் 14 நாளும், இரண்டு முதல் ஐந்தாண்டு வரை வேலை செய்தவருக்கு 18 நாளும், அதற்கு மேற்பட்டவருக்கு 22 நாளும் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆசுபத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. ஆனால் 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவேண்டும். இது யாரும் இரங்கிக் கொடுக்கும் சலுகையல்ல, நம் உரிமை.

கிராணி நண்பர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஆசுபத்திரியிலிருந்து வரும் கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். பால் வெட்டும் அம்மாள் அதை எடுத்துக்கொண்டு உங்கள் மேசைக்குத்தான் வருவார். “பிறகு பார்க்கலாம்” என்று சொல்லாதீர்கள். தேதியைப் படித்துச் சொல்லுங்கள். விடுப்பை முறையாகப் பதியுங்கள். உங்கள் பேனாவின் இரண்டு வரி ஓர் உயிரைக் காக்கலாம்.

இவை தனி மனிதர் செய்யவேண்டியவை. கூட்டாகச் செய்யவேண்டியதும் உண்டு. தோட்டத்து வீடுகளுக்குப் போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்கவேண்டியது முதலாளியின் கடமை என்று, தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதித் தர நிர்ணயத்துக்கென 1990-இல் இயற்றப்பட்ட சட்டம் சொல்கிறது. தண்ணீர் நின்றுபோனால் முணுமுணுத்துவிட்டு ஆற்றுக்குப் போகாதீர்கள். எந்த நாள், எத்தனை வீடு, எத்தனை மணி நேரம் என்று எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். எழுத்தில் இருக்கும் புகாருக்கே பலம் அதிகம்.

தோழர்களே! சம்பளத்துக்காகக் கூடிப் பேசி வென்றோம். நல்ல தண்ணீரும், நெரிசலில்லாத வீடும், காலத்தில் கிடைக்கும் மருத்துவமும் அதைவிடச் சிறிய கோரிக்கைகள் அல்ல. கிளந்தான் மீனவன் வீட்டுப் பிள்ளைக்கு இல்லாத கிருமி, தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் எழுதி வைத்த விதியல்ல. பட்டையில் முண்டு கண்டால் மரத்தின் சாதியைத் தூற்றாமல் கத்தியைக் கவனிப்பவன்தான் நல்ல பால்வெட்டுத் தொழிலாளி. நம் வயிற்றையும் அந்தக் கண்ணோடு பார்ப்போம். இந்த வாரமே, நாள்பட்ட வயிற்றுவலியை மறைத்து வைத்திருக்கும் பெரியவர் உங்கள் வீட்டில் யார் என்று கேளுங்கள். அவரை டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். கூடப் போக ஆள் இல்லையென்றால் கிளைக்குச் சொல்லியனுப்புங்கள், நாங்கள் வருகிறோம்.